விலாசம் படிக்கத் தெரியுமா?

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணைப் படிக்கிறீர்கள். எந்த ஊர் போர்டு என்று பார்க்கிறீர்கள். போதாதென்று பக்கத்தில் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் ஏறுகிறீர்கள். ஒரு பத்து, இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு இவ்வளவு ஜாக்கிரதை.

அதே நாம்தான், வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டைத் தட்டும்போது அந்தப் பக்கத்தின் தலைமாட்டில் இருக்கும் ஒற்றை வரி விலாசத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சோம்பல் என்று சொல்ல மாட்டேன். அந்த வரியின் லட்சணம் அப்படி. புள்ளியும் சாய்கோடுமாக எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சமாசாரம் என்று கண் தானாகத் தாண்டிப் போய்விடுகிறது. சர்வர், புரோட்டோகால், டொமைன், குக்கி என்று தினம் காதில் விழும் சொற்களின் கதையும் இதேதான். அர்த்தம் கேட்டால் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கேட்காமல் இருந்தால் வேறு யாரோ சிரிப்பார்கள், நம் பணத்தை எடுத்துக்கொண்டு.

இத்தனைக்கும் அந்தச் சொற்களில் பயப்பட ஒன்றுமே கிடையாது. ஒவ்வொன்றும், ஏதோ ஒரு வருஷத்தில், யாரோ ஒருவர், தனக்கு வந்த தலைவலிக்குக் கண்டுபிடித்த மாத்திரை. தலைவலி என்ன என்று தெரிந்துகொண்டால் மாத்திரையின் பெயர் மறக்காது. ஒரு விலாசத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுவோமா? எடுப்பதுதான் எடுக்கிறோம், உலகின் முதல் வலைத்தளத்தின் விலாசத்தையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

எச்டிடிபி://இன்ஃபோ.செர்ன்.சிஹெச்

இந்தக் குட்டி வரிக்குள் சுமார் 25 வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதற்கு முன்னால், வரியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாக்கெட்.

டிரங்க் கால் காலம் நினைவிருக்கிறதா? மதுரையிலிருக்கும் மாமாவோடு நீங்கள் பேசிக்கொண்டிருந்தால், பேசி முடிக்கும்வரை அந்த லைன் முழுக்க உங்களுக்குத்தான். நடுவில் மாமா தும்மினாலும், மௌனமாக இருந்தாலும் வேறு யாரும் அதில் நுழைய முடியாது. மனிதர்களுக்கு இது சரி. கம்ப்யூட்டர்களுக்குச் சரிப்படாது. அவை ஒரு விநாடி கடகடவென்று பேசிவிட்டு ஐந்து நிமிஷம் தேமேயென்று இருக்கும் ரகம். அதற்காக ஒரு லைனையே கட்டிப்போட்டு வைப்பது வியாபாரத்துக்கு ஆகுமா?

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் என்பவர், அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தகவல் தொடர்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தார். 1965-ல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ், அணுகுண்டு பற்றியெல்லாம் கவலைப்படாமல், லைன் வீணாகிறதே என்று யோசித்தார். இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே விடை கிடைத்தது. செய்தியைத் துண்டு துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் போகவேண்டிய விலாசத்தையும் வரிசை எண்ணையும் எழுது. எந்த வழி காலியோ அந்த வழியில் அனுப்பு. போய்ச் சேர்ந்த இடத்தில் எண் பார்த்து அடுக்கிக்கொள்ளட்டும். வீடு மாற்றும்போது அட்டைப் பெட்டிகளில் எண் போட்டு இரண்டு மூன்று வண்டிகளில் ஏற்றி அனுப்புவோமே, அதேதான்.

அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் டேவிஸ். வைப்பதற்கு முன்னால் ஒரு மொழியியலாளரிடம் கேட்டாராம், இந்தச் சொல் மற்ற மொழிகளிலும் சுலபமாகப் போகுமா என்று. மனுஷன் தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பால் பாக்கெட் தெரியாத வீடு இங்கே உண்டா?

அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்ப்பா இந்த யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டது. அணுகுண்டுக்குப் பயந்து இன்டர்நெட்டைக் கட்டினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஆர்ப்பாவின் தேவை அதைவிடச் சாதாரணமானது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்பது ஓர் அறையை அடைக்கும் பூதம். விலை யானை விலை. ஆளுக்கொன்று வாங்கித் தர முடியாது, இருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். 1969 அக்டோபர் 29-ம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர், சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார். முதல் இரண்டு எழுத்து போனது. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆக, இந்த மாபெரும் வலைப்பின்னலில் போன முதல் செய்தி, 'லோ'. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது.

ஆச்சா? பாக்கெட் தயார். ஆனால் இரண்டு வேறு வேறு கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் எந்த மொழியில், எந்த மரியாதையில் பேசிக்கொள்வது? யார் முதலில் வணக்கம் சொல்வது? கேட்கவில்லை என்றால் எப்படித் திரும்பக் கேட்பது? இங்கேதான் நம் வரியின் முதல் துண்டு வருகிறது. எச்டிடிபி என்பதன் கடைசி எழுத்தான 'பி'. அதாவது புரோட்டோகால்.

அமைச்சர் வந்தால் யார் முதலில் மாலை போடுவது, யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று கலெக்டர் ஆபீஸில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதற்கும் புரோட்டோகால் என்றுதான் பெயர். கிரேக்கத்தில், பாப்பிரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளைக் குறித்த சொல் அது. அங்கிருந்து அரசாங்கத்துக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது. வேலை ஒன்றுதான். எதன்பின் எது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கு.

இந்த ஒழுங்குகளை எழுதி வைத்த விதம் அதைவிட ருசியானது. 1969 ஏப்ரல் 7-ம் தேதி ஸ்டீவ் க்ராக்கர் என்ற மாணவர் முதல் குறிப்பை எழுதினார். தங்கியிருந்த வீட்டில் தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ராத்திரி பாத்ரூமில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 'விதிமுறை' என்று தலைப்புப் போட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், 'கருத்துகள் வேண்டப்படுகின்றன' என்ற பொருளில் ஒரு பணிவான தலைப்பை வைத்தார். அந்த வரிசை இன்று 9000-ஐத் தாண்டிவிட்டது. தலைப்பு மட்டும் மாறவில்லை. யாரும் படிக்கலாம், யாரும் தப்புச் சொல்லலாம், காசு கிடையாது.

1974-ல் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்கள். அதற்குள் ஆர்ப்பா வலையைப் போல வேறு வலைகளும் முளைத்திருந்தன. ஒன்று டெலிபோன் லைனில், ஒன்று ரேடியோவில், ஒன்று சாட்டிலைட்டில். ஒவ்வொரு வலைக்கும் உள்ளே அதனதன் இஷ்டம், ஆனால் வலைக்கும் வலைக்கும் நடுவே ஒரே புரோட்டோகால் என்றார்கள் இவர்கள். வலைகளுக்கு இடையிலான வலை. அந்த வருஷம் டிசம்பரில் வெளியான குறிப்பில் 'இன்டர்நெட்' என்ற சுருக்கப் பெயர் வந்தது. நாம் இணையம் என்கிறோம். யோசித்துப் பார்த்தால் இணைப்பது என்ற அந்த வேலையையே சொல்லிவிடும் நல்ல பெயர்.

1983 ஜனவரி 1-ம் தேதி ஆர்ப்பா வலை முழுக்கப் புதிய ஒழுங்குக்கு மாறியது. டிசிபி, ஐபி என்று இரண்டு புரோட்டோகால். ஐபி பெட்டியின் மேல் விலாசம் எழுதுகிற வேலையைப் பார்க்கிறது. டிசிபி, பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்க்கிறது. அந்த மாற்றத்தின்போது பட்ட பாட்டில், பிழைத்து வந்தேன் என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது அடுத்த தலைவலி. ஐபி எழுதும் விலாசம் வெறும் எண். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0-லிருந்து 255-க்குள். மொத்தம் 429 கோடி விலாசம் தேறும். ஊருக்கே போதும் என்று நினைத்தார்கள். 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு தீர்ந்து, நீளமான புது விலாசத்துக்கு மாற வேண்டியதாயிற்று என்பது தனிக்கதை. எண்ணை மனிதர்கள் எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்பதுதான் அன்றைய கேள்வி.

பெயரும் இடமும் சேர்ந்தால் விலாசம் என்று முதலில் காட்டியவர் ரே டாம்லின்சன். 1971-ல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப வழி செய்தபோது, ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரிக்க ஒரு குறி வேண்டியிருந்தது. யார் பெயரிலும் வராத குறியாகத் தேடி @ என்பதை எடுத்தார். காமர்ஸ் படித்த என் போன்றவர்களுக்கு இது பழைய சொந்தம். பத்து மூட்டை @ 500 ரூபாய் என்று பில்லில் எழுதுவோமே, அது. அதனால்தான் இன்றைக்கும் நம் ஊரில் மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது 'அட் த ரேட்' என்கிறார்கள். ஆளுக்கு விலை சொல்கிற மாதிரி!

அப்போதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று ஒரே ஒரு பட்டியல்தான். ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபீன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேரவேண்டும் என்றால் அவர்களிடம் சொல்லிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். மற்ற எல்லாரும் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நூறு கம்ப்யூட்டர் வரை இது நடக்கும். ஆயிரக்கணக்கில் பெருகினால்?

1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் டொமைன் பெயர் முறை. ஒருவரே எல்லாப் பெயரையும் வைத்திருக்க வேண்டாம், அவரவர் எல்லைக்குள் அவரவர் பெயர் வைத்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். டொமைன் என்றாலே ஆளுகைக்கு உட்பட்ட எல்லை என்றுதான் பொருள். காம், ஆர்க், ஈடியூ போன்ற பெரிய எல்லைகளும், நாடுகளுக்கு ஆளுக்கு இரண்டெழுத்தும் வந்தன. 1985 மார்ச் 15-ம் தேதி முதல் 'காம்' பெயர் பதிவானது. இந்தியாவின் 'இன்' 1989-ல். பிற்பாடு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே எல்லைகள் வந்துவிட்டன.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். தபால் உறையில் விலாசம் எப்படி எழுதுகிறோம்? ஆள் பெயர், வீட்டு எண், தெரு, ஊர், மாநிலம். தபால் பிரிப்பவர் எப்படிப் படிக்கிறார்? தலைகீழாக. முதலில் மாநிலம், அப்புறம் ஊர், அப்புறம் தெரு. வீட்டுக்காரர் பெயர் கடைசியில் போதும். டொமைனும் அச்சு அசல் இதே கணக்கு. வலதிலிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம் விலாசத்தைப் படித்துப் பாருங்கள். சிஹெச், ஸ்விட்சர்லாந்து நாடு. செர்ன், அந்த எல்லைக்குள் ஜெனீவா அருகே இருக்கும் அணு ஆராய்ச்சிக் கூடம். இன்ஃபோ, அந்தக் கூடத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர். கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை அதற்கு. ஹோட்டலில் பரிமாறுபவரைச் சொல்வது போலவே, சர்வர்.

அந்த சர்வரை வைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. செர்ன் கூடத்தில் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் வருவார்கள், இரண்டு வருஷத்தில் போய்விடுவார்கள். எந்த விவரம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 1989 மார்ச்சில் அவர் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வரவு செலவுக்குப் பக்கத்திலும் பேரேட்டின் பக்க எண்ணைக் குறிப்போம் இல்லையா? அந்த எண்ணைத் தொட்டால் பேரேட்டின் அந்தப் பக்கமே எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதுதான் லிங்க். அப்படித் தொட்டுத் தாவுகிற எழுத்துக்கு ஹைபர்டெக்ஸ்ட் என்று 1965-லேயே டெட் நெல்சன் பெயர் வைத்திருந்தார். எச்டிடிபி என்றால் இந்தத் தாவும் எழுத்தை அனுப்பி வாங்கும் புரோட்டோகால். அவ்வளவுதான் விஷயம்.

இன்டர்நெட்டும் வெப்பும் ஒன்றல்ல என்பது இப்போது விளங்கியிருக்கும். இன்டர்நெட் தண்டவாளம். வெப் அதில் ஓடும் ஒரு ரயில். மின்னஞ்சல் அதே தண்டவாளத்தில் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ரயில். புது ரயிலுக்கு 'மெஷ்' என்று பெயர் வைக்க நினைத்தார் பெர்னர்ஸ்-லீ. 'மெஸ்' என்று காதில் விழுந்து குழப்படி என்று அர்த்தமாகிவிடுமே என்று விட்டுவிட்டார். இன்னொரு பெயரின் முதலெழுத்துகள் 'டிம்' என்று வந்தன. சொந்தப் பெயர் வைத்ததாகச் சொல்வார்களே என்று அதுவும் போயிற்று. கடைசியில் நின்றது, வேர்ல்ட் வைட் வெப்.

நடுவில் இருக்கும் அந்த இரட்டைச் சாய்கோடு? அது இல்லாமலே காரியம் நடந்திருக்கும் என்று 2009-ல் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். எத்தனை கோடி விரல்கள் வீணாகத் தட்டியிருக்கும்!

ஆனால் அவரும் செர்னும் செய்த ஒரு காரியத்துக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். அந்த நேரத்தில் கோஃபர் என்று ஒரு போட்டி இருந்தது, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. 1993-ன் தொடக்கத்தில் அதன் சர்வருக்கு லைசென்ஸ் கட்டணம் கேட்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. மக்கள் பயந்து விலகினார்கள். அதே வருஷம் ஏப்ரல் 30-ம் தேதி செர்ன், வெப்பின் மென்பொருள் யாவருக்கும் பொது, காசு வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டது. கோஃபரை இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அதே 1993-ல் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதிய மொசைக், படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி வெப்பைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுவந்தது. இந்த மாதிரி மென்பொருளுக்கு பிரவுசர் என்று பெயர். 'பிரவுஸ்' என்றால் ஆடுமாடு தழையை இங்கொரு வாய் அங்கொரு வாய் கடித்துக்கொண்டு போவது. நெட்டில் மேய்கிறான் என்று நம் ஆட்கள் சொல்வது எத்தனை சரியான மொழிபெயர்ப்பு! 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட, நாமும் மேயத் தொடங்கினோம்.

மேய்ந்தால் போதுமா, கடை போட வேண்டாமா? கடை போட்டால்தான் இரண்டு புதிய தலைவலி தெரிந்தது. ஒன்று, எச்டிடிபி-க்கு ஞாபக மறதி. ஒரு பக்கத்தைக் கொடுத்த அடுத்த விநாடியே உங்களை மறந்துவிடும். நீங்கள் கூடையில் போட்ட சட்டை, அடுத்த பக்கம் போனதும் காணாமல் போகும். 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியின் லூ மான்டுலி இதற்கு ஒரு வழி செய்தார். கடைக்காரர் உங்கள் பிரவுசரிடம் ஒரு சின்னச் சீட்டைக் கொடுத்து வைப்பார். அடுத்த முறை வரும்போது பிரவுசர் அந்தச் சீட்டைக் காட்டும். கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருகிற மாதிரி. அதற்குப் புரோகிராமர்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே புழங்கிய ஒரு பெயரை வைத்தார். குக்கி. இன்றைக்கு ஒரு கடையில் செருப்பு பார்த்தால் அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே விளம்பரமாக வருவதற்கு வழி போட்டதும் இதே சீட்டுதான்.

இரண்டாவது, ஒட்டுக்கேட்கும் அபாயம். பாக்கெட் போகும் வழியில் யாரும் பிரித்துப் படித்துவிடலாம். அதே நெட்ஸ்கேப், பாக்கெட்டுக்குள் இருப்பதை ரகசிய எழுத்தாக்கி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. எச்டிடிபி-க்குப் பின்னால் ஒரு 'எஸ்' சேர்ந்தது. பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படமும்.

அந்தப் பூட்டை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் பூட்டின் பொருள். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியன் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. திருடனும் தன் கடைக்குப் பூட்டு வாங்கலாம். 2015-லிருந்து அது இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023-ல் குரோம் பிரவுசர் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

அப்படியானால் எதை நம்புவது? நம்மிடம் ஏற்கெனவே விடை இருக்கிறது. வலதிலிருந்து இடம்.

உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. இன்று இரவுக்குள் கேஒய்சி விவரம் தராவிட்டால் கணக்கு முடங்கும் என்கிறது. கீழே ஒரு விலாசம்: உங்கள்வங்கி.பேங்க்.இன்.பரிசுமழை.காம்/லாகின். இடப்பக்கம் தொடங்கிப் படித்தால் உங்கள் வங்கியேதான். நெஞ்சு படபடக்கத் தொட்டுவிடுவோம். தபால் பிரிப்பவர் மாதிரி படியுங்கள். இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே என்று பாருங்கள். அங்கிருந்து இடப்பக்கம் வாருங்கள். காம். அதற்கு இடப்பக்கம்? பரிசுமழை. அவன்தான் வீட்டுக்காரன். அவன் தன் வீட்டுக்குள் எந்த அறைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான், உங்கள் வங்கியின் பெயர் உட்பட. அவரவர் எல்லைக்குள் அவரவர் பெயர் என்று 1983-ல் போட்ட விதி திருடனுக்கும் பொருந்தும்.

ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. இந்தியாவில் வங்கிகள் எல்லாம் 'பேங்க்.இன்' என்று முடியும் விலாசத்துக்கு மாறவேண்டும் என்று 2025-ல் உத்தரவு போட்டு, அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. அந்த எல்லைக்குள் பெயர் கேட்டு யார் வேண்டுமானாலும் போய் நிற்க முடியாது. வங்கிகளுக்கு மட்டும்தான் தருவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே சொன்ன திருட்டு விலாசத்திலும் 'பேங்க்.இன்' இருந்ததைப் பார்த்தீர்கள்தானே? அது நடுவில் இருந்தால் பிரயோஜனமில்லை. ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருக்க வேண்டும். வேலிபோட்டுக் கொடுத்தாலும் வேலி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

இன்று வீட்டுக்குப் போனதும், இந்த மாதிரி செய்திகளுக்குப் பயப்படும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய வங்கியின் நிஜ விலாசத்தைப் போனில் திறந்து, அவர் விரலாலேயே வலதிலிருந்து இடமாகத் தொட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நாடு எது, வீட்டுக்காரர் யார், அறை எது என்று. ஆயுசு முழுக்கத் தபால் விலாசம் படித்தவர்கள் அவர்கள். இரண்டாவது தடவை நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.